பியூஸ் கட்டை

மன்னவனூர் மேல்தெருவில் இருபத்தேழு கம்பம்.
அத்தனைக்கும் நான்தான் வயர்மேன்.
பத்தொன்பது வருசமாய் எனக்கு வந்த போனெல்லாம்
'கரண்ட் போச்சு' என்றுதான் தொடங்கும்.
'கரண்ட்டை நிறுத்துங்க' என்று கேட்ட முதல் ஆள்
வத்தலக்குண்டு ஹபீபா டீச்சர்.

ஒரு மணி நேரம் போதும் என்றார்.
தெருவிளக்கு மட்டும்.
அவர் ஜீப்பின் பின்சீட்டில்
கம்பளி சுற்றிய குழாயொன்று
ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியப்பா மாதிரி
சாய்ந்து கிடந்தது.

ஊர்க்கூட்டத்தில் ஒரே கூச்சல்.
இருட்டினால் காட்டுமாடு இறங்கும்,
போன மாசம்தானே பூண்டுக்காட்டை மிதித்தது,
பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு இருக்கிறது,
மேற்கொண்டு வீட்டுவரி வேறு பாக்கி
(அதை ஏன் சொன்னார்கள் என்று தெரியவில்லை).
கடைசியில்
இரண்டு பேர் டார்ச்சோடு காவல் நிற்பதென்றும்
டார்ச்சின் வாயைச் சிவப்புக் கண்ணாடித்தாளால் கட்டுவதென்றும்
முடிவானது.

மார்கழி. ஏழு மணி.
பேசினால் வாயிலிருந்து புகை.
பெட்டியைத் திறந்து
பியூஸ் கட்டையைப் பிடுங்கி
சட்டைப்பையில் போட்டேன்.

இருட்டைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.
நிமிர்ந்தால்
கூரைக்கு மேல் அவ்வளவு கூட்டம்.
உப்பு மூட்டை ஓட்டையான லாரி
மலைமுகட்டிலிருந்து மலைமுகட்டுக்குப் போயிருக்கிறது.
இத்தனை வருசம்
நான் ஏறிய கம்பத்துக்கு
இன்னும் கொஞ்சம் மேலே.

'இது சனி' என்றார் டீச்சர்.
வரிசை அங்கேயே உடைந்தது.

'சனிக்கு நேரே நின்னு யாராச்சும் பார்ப்பாங்களா?
கோயில்லயே ஒதுங்கி நின்னு கும்பிடுறோம்'
என்றார் டீக்கடைக் குருநாதன்.
ஏழு பேர் தலையாட்டினார்கள்.
டீச்சர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு
எதுவும் பேசாமல் நின்றார்.

பூண்டு தரம்பிரிக்கும் வெள்ளத்தாய்
குழாயைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.
'உள்ள என்ன இருக்கு?'
'கண்ணாடி. முகம் பாக்குற கண்ணாடி மாதிரி.'
'அப்ப நேரா எங்க பாக்குறோம்?
கண்ணாடியிலதானே பாக்குறோம்.'
சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

வெகுநேரம் எழவில்லை.
பின்னாலிருந்தவர்கள் இருமிப் பார்த்தார்கள்.

'ஒத்தப்பூண்டு' என்றாள்.
'ஒத்தப்பூண்டுல ஊசி குத்தி வெச்சிருக்கு.'

வளையம் இந்த வருசம்
விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்றார் டீச்சர்.
யார் காதிலும் விழவில்லை.
உருளைக்கிழங்கு வியாபாரி, டிரைவர், கம்பவுண்டர்,
அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகூட, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டரோடு.
ஒரு பையன் 'ஓடுது, ஓடுது' என்று கத்தினான்.
ஓடுவது நாம்தான் என்றார் டீச்சர்.
அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

குருநாதன் கடைசியாய் வந்து
மூன்று தரம் பார்த்தார்.
'ஏழரை வருசம்.
லாரியை விக்க வெச்சது
இந்தத் தம்மாத்துண்டா?'
கடன் கொடுத்தவனைத்
தூக்கத்தில் பார்த்துவிட்டவன் போல
சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தார்.

என் முறை வந்தபோது
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டது.
குழாய்க்குள் தெரிந்தது
என் இமைமயிர் மட்டும்.

இன்னும் எட்டு நிமிசம் மிச்சம்.
பார்க்க ஒன்றுமில்லை,
ஆனாலும் விளக்கைப் போடச் சொல்லி
ஒருத்தரும் கேட்கவில்லை.
எங்கோ கேரட் காட்டுக்குக் கீழே
காட்டுமாடு ஒன்று மூச்சு விட்டது.
சிவப்பு டார்ச் அந்தப் பக்கம் திரும்பியது,
பிறகு அணைந்தது.
சட்டைப்பையில் பீங்கான் கட்டை
என் சூட்டில்
முட்டை மாதிரி வெதுவெதுப்பாகியிருந்தது.

எட்டு மணிக்கு மாட்டினேன்.
இருபத்தேழு விளக்கும் எரிந்தன,
பனிக்குள்
ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம்.
வெள்ளத்தாய் அதைப் பார்த்து
'இது சும்மா' என்றாள்.

மறுநாள் பதிவேட்டில்
மின்தடை: ஒரு மணி நேரம்.
காரணம் என்ற கட்டத்தில்
மரக்கிளை என்று எழுதப் போனவன்
சனி என்று எழுதினேன்.

ஜே.இ. ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.
அவருக்கு அஷ்டமம் நடக்கிறதாம்.